சேர்க்க ஒரு நிமிசம், கழட்ட ஒரு மாதம்

ஒரு சேவையை வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதற்கு எத்தனை நாள் காசு கட்ட வேணும்? இந்தக் கட்டுரையில் நாங்கள் கேட்கிறது இந்த ஒரு கேள்வியைத்தான். காணி, வேலையில்லாப் பிரச்சினை, காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்று எழுத எவ்வளவோ கிடக்க, இவங்கள் ரிவி பில்லைப் பற்றி எழுத வந்திட்டாங்கள் எண்டு நீங்கள் நினைக்கலாம். நினைச்சாலும் பரவாயில்லை. மாதாமாதம் வீட்டு வாசலில் வந்து கையை நீட்டுற அதிகாரங்களில் இந்தப் பில்லும் ஒன்று. அதோட வாய் திறந்து கதைக்கத் தெரியாத நாங்கள், பெரிய அதிகாரங்களோட மட்டும் எப்பிடிக் கதைக்கப் போறம்?

விசயம் இதுதான். வீட்டு இணையமும் ரிவியும் ஒரே பக்கேஜாக விற்கப்படுகுது. 2020இல் பல்கலைக்கழகம் ஒன்லைனுக்குப் போனபோது எங்களில் கனபேரின் வீடுகளுக்கு ரவுட்டர் வந்தது. ரவுட்டரோட சேர்ந்து ரிவி பொக்ஸும் வந்தது. "ரெண்டையும் சேர்த்து எடுத்தா லாபம்" எண்டு சொன்னார்கள், எடுத்தோம். இப்ப இணையம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ரிவி பொக்ஸுக்கு மேல தூசி படிஞ்சு கிடக்கு. செய்தி போனில் வருது, கிரிக்கெட் ஸ்கோரும் போனில் வருது. வீட்டில சீரியல் பார்க்கிற ஒரு ஆள் இருந்தால் அந்தப் பொக்ஸுக்கு மரியாதை. இல்லையெண்டால் அது மாதாமாதம் காசு தின்னுற ஒரு கறுப்புப் பெட்டி. சரி, ரிவியை மட்டும் கழட்டுவம், இணையம் இருக்கட்டும் என்று முடிவெடுக்கிறீர்கள். கதை அங்கதான் தொடங்குது.

எங்களில் நாலு பேர் கொக்குவிலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். போன மார்ச் 9ஆம் திகதி இதைத்தான் செய்யப் பார்த்தோம். கொம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை, நீங்கள் எந்தக் கொம்பனியின் ஆளாக இருந்தாலும் கதை விளங்கும். கஸ்டமர் கெயாருக்கு எடுத்தோம். போனிலேயே செய்ய ஏலாதாம், கிளைக்கு வரவேணுமாம், யாருடைய பெயரில் இணைப்பு இருக்கோ அவர் அடையாள அட்டையோட வந்து கடிதம் தரவேணுமாம். போனோம். கடிதம் கொடுத்தோம். 30 நாள் நோட்டீஸ் எண்டார்கள். சரி, ஏப்ரல் 8 எண்டு கணக்குப் பண்ணினோம். இல்லையாம். நோட்டீஸ் கடிதம் கொடுத்த நாளிலிருந்து தொடங்காதாம், அடுத்த பில் மாதம் தொடங்கேக்கதான் தொடங்குமாம். ஆக ஏப்ரல் 1இல் தொடங்கி ஏப்ரல் 30இல் முடியும். 30 நாள் எண்டு சொன்ன நோட்டீஸ் எங்களுக்கு 52 நாளாக நீண்டது. அதுக்கு மேல இன்னொரு செய்தியும் சொன்னார்கள்: ரிவியைக் கழட்டுறது "பக்கேஜ் மாற்றம்" என்ற கணக்கில் வருமாம், அதனால் இணையத்துக்குக் குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் திரும்பவும் முதலிலிருந்து எண்ணப்படுமாம். அதாவது, ஒன்றை விட்டுப் போக வந்தவர்களை மற்றதில் புதிதாகக் கட்டிப்போட்டு அனுப்பினார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்கும் எங்கட வயசுதான் இருக்கும். அந்தப் பிள்ளையில் எங்களுக்குக் கோபம் இல்லை. எங்கட பட்ச்சில் படிச்ச ஆட்களே கோல் சென்டரில் வேலை செய்கிறார்கள், "சேர், ஒரு மாதம் அரை விலைக்குத் தாறம், விடாதேங்கோ" என்று சொல்லுறதுக்கு அவர்களுக்கு எழுதிக் கொடுத்த தாள் இருக்கு. கேள்வி அந்தத் தாளை எழுதினவர்களுக்கு.

முதலில் இந்த நோட்டீஸ் காலம் என்ற சாமான் எதற்காக உலகத்தில் இருக்கு என்று பார்ப்பம். வீட்டை விட்டுப் போகிறவர் ஒரு மாதம் முன்னமே சொல்ல வேணும். ஏன்? சொந்தக்காரர் அடுத்த ஆளைத் தேட வேணும், அதுவரைக்கும் வீடு சும்மா கிடந்தால் அவருக்கு நட்டம். வேலையை விடுகிறவர் முன்னமே சொல்ல வேணும். ஏன்? அந்தக் கதிரைக்கு இன்னொருவரைப் பிடிச்சுப் பழக்க வேணும். இரண்டு இடத்திலும் போகிறவர் ஒரு வெற்றிடத்தை விட்டுப் போகிறார், அதை நிரப்ப மற்றவருக்கு அவகாசம் தேவைப்படுகுது. நோட்டீஸின் நியாயம் இவ்வளவும்தான்.

நாங்கள் ரிவியைக் கழட்டினால் என்ன வெற்றிடம் வருகுது? எங்கட பொக்ஸில் சனல் நிண்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது கிடைக்காமல் போகப் போறதில்லை. எங்கட இடத்துக்கு இன்னொரு ஆளைக் கொம்பனி தேடவும் தேவையில்லை. சிக்னல் வாடகை வீடு மாதிரி ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம் என்ற பொருள் இல்லையே. ஆக, வெற்றிடத்துக்காகப் பிறந்த ஒரு விதியை வெற்றிடமே இல்லாத இடத்தில் கொண்டு வந்து நட்டிருக்கிறார்கள். அங்கே அது அவகாசமாக வேலை செய்யவில்லை, வெளியேறும் கட்டணமாக வேலை செய்யுது.

"எங்களுக்கும் ஒழுங்கு முறை இருக்குதானே" என்று கொம்பனிப் பக்கம் சொல்லும். சனல்காரர்களுக்கு முன்கூட்டியே காசு கட்ட வேணும், பில் சிஸ்டத்தில் மாற்ற வேணும், பொக்ஸைத் திருப்பி எடுக்க வேணும். ஒவ்வொன்றாகப் பார்ப்பம். ஒரு புதுச் சனல் பக் சேர்க்க வேணும் எண்டால் என்ன செய்யிறீர்கள்? அப்பில் ஒரு தட்டு, இல்லாட்டி ஒரு எஸ்எம்எஸ். ரீ ஊத்திக் குடிச்சு முடிக்க முதல் சனல் வந்திடும். அப்ப பில் சிஸ்டத்துக்கு 30 நாள் தேவைப்படவில்லை. மாத நடுவில் சேர்த்தால் மிச்ச நாளுக்கு மட்டும் கணக்குப் போடவும் அதே சிஸ்டத்துக்குத் தெரியும். பில் கட்டப் பிந்தினால்? வெட்டுகிறதற்கும் 30 நாள் நோட்டீஸ் இல்லை, ஒரு குறுஞ்செய்தி வரும், பிறகு திரை கறுக்கும். சேர்க்கவும் உடன முடியும், தண்டிக்கவும் உடன முடியும் என்றால், விடுவிக்க மட்டும் ஏன் ஒரு மாதம்? இயந்திரத்துக்கு இல்லாத தாமதத்தை ஒப்பந்தத்தில் வேணுமெண்டுதான் எழுதி வைச்சிருக்கிறார்கள்.

ஒரு விசயத்தில் நாங்கள் கொம்பனியோட சண்டைக்கு வரவில்லை. வீட்டுக்கு ஆள் வந்து வயர் இழுத்து, ரவுட்டரையும் பொக்ஸையும் சும்மா அல்லது குறைந்த விலைக்குத் தந்தால், அந்தச் செலவை எடுக்க ஒரு குறைந்தபட்சக் காலம் கேட்கிறது நியாயம். அந்தக் காலத்துக்குள் விட்டுப் போனால் மிச்சத்தைக் கட்டத்தான் வேணும். நாங்கள் கேட்பது அந்தக் காலம் முடிஞ்ச பிறகு நடப்பதைப் பற்றி. பொக்ஸின் விலை எப்பவோ கட்டி முடிஞ்சிட்டுது. பிறகும் ஏன் கதவுக்குப் பூட்டு?

இப்ப பகுதியாகக் கழட்டுறதுக்குள் ஒளிஞ்சிருக்கிற அடுத்த விளையாட்டுக்கு வருவம். ஒரு உதாரணக் கணக்கு போடுவம். இணையமும் ரிவியும் சேர்ந்து மாதம் 5,000 ரூபா. தனி ரிவி 1,900, தனி இணையம் 4,300 என்று வைச்சுக் கொள்ளுங்கோ. ரிவியைக் கழட்டினால் 1,900 மிச்சம் வரும் எண்டுதான் எவரும் நினைப்பார்கள். வராது. "சேர்த்து எடுத்த கழிவு" போயிடும், இணையம் 4,300க்கு ஏறும், மிச்சம் வெறும் 700. இந்த 700 என்ற எண்ணை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். அது அடுத்த பில்லில்தான் தெரிய வரும். 52 நாள் நோட்டீஸையும் இதோட சேர்த்தால், பார்க்காத ரிவிக்காக ஏறத்தாழ 1,200 ரூபாவை வைச்சிட்டுத்தான் வெளியே வரலாம். அதுக்கு மேல 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கிற வற் வரி வேற.

1,200 ரூபா எல்லாம் ஒரு காசோ என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். மஹாபொல மாதம் 5,000 ரூபாவாக இருந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்கப்பட்டது. பழைய தொகையில் அது நாலில் ஒரு பங்கு. புதுத் தொகையிலும் ஒரு பாடத்தின் போட்டோகொப்பிக் கட்டும், கொஞ்ச நாள் பஸ் காசும். மஹாபொலக் காசு பிந்தின மாதங்களில் கன்ரீனில் கடன் சொல்லிச் சாப்பிட்டவர்களிடம் போய், 1,200 சின்னக் காசு என்று சொல்லிப் பாருங்கோ.

காசை விடவும் மோசமானது எங்கட ஊர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல். பில் யாருடைய பெயரில் இருக்கு? வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ வீடுகளில் அது வெளிநாட்டுக்குப் போன மகனின் பெயரில் இருக்கு. போக முதல் அம்மா அப்பாவுக்காக எடுத்துக் கொடுத்திட்டுப் போனவர். சில வீடுகளில் செத்துப்போன அப்பாவின் பெயரில் இருக்கு. மகன் கனடாவில் இருந்து ஒன்லைனில் காசு கட்டலாம். கொம்பனி அதை வாங்கும். "நீங்கள் ஆர், அடையாள அட்டை எங்க" என்று கேட்காது. ஆனால் ரிவியைக் கழட்ட வேணும் என்று அம்மா கிளைக்குப் போனால், "பேர் இருக்கிற ஆள் நேரில வரவேணும் அம்மா" என்பார்கள். காசு யாரிடமிருந்தும் வரலாம், விடுதலை மட்டும் கையெழுத்துக்காரருக்குத்தான். அறுபது வயசு தாண்டின ஒரு மனுசி பஸ் ஏறிப் போய், ரிக்கற் நம்பர் எடுத்து, வரிசையில் இருந்து, இல்லை என்ற பதிலோட திரும்பி வருகிறதை ஒரு நிறுவனத்தின் வருமானக் கணக்கில் என்ன பேரில் எழுதுவார்கள்?

பிறகு மொழி. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாச்சு. ஆனால் நாங்கள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிற எழுத்தில், எல்லா நிபந்தனையும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. விளம்பரம் தமிழில் வருகுது. பொங்கலுக்குத் தள்ளுபடி தமிழில் வருகுது. பில் பிந்தினால் எச்சரிக்கையும் தமிழில் வரும். உங்கட உரிமையைச் சொல்லுகிற வரி மட்டும் உங்களுக்குத் தெரியாத மொழியில். விற்கிறதற்குத் தமிழ் தெரிந்த கொம்பனிக்கு விடுகிறதற்கும் தமிழ் தெரிந்திருக்க வேணும்.

சட்டம் என்ன செய்யுது? சட்டம் இருக்கு, எங்கட பிரச்சினைக்குப் பக்கத்தில் வந்து நிக்குது, உள்ளே வரேல்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் நேர்மையற்ற ஒப்பந்த வாசகங்களைப் பற்றினது. ஆனால் அதன் கவனம் பெரும்பாலும், நட்டம் வந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதித் தப்புகிற வாசகங்களில்தான். மாதக்கணக்காக இழுக்கிற நோட்டீஸை அது நேராகப் பிடிக்காது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில், ஏமாற்றுகிற அல்லது தவறாக வழிநடத்துகிற வியாபார நடத்தைக்குத் தடை இருக்கு. "30 நாள்" என்று சொல்லி 52 நாள் எடுக்கிறது தவறாக வழிநடத்துறது இல்லையோ என்று அங்கே கேட்கலாம். இணையச் சேவைக்கு 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டமும், 1996 திருத்தத்தால் வந்த ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கு. தனியார் ரிவி ஒளிபரப்புக்கான உரிமமோ 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் வருகுது. கொம்பனிக்கு அது ஒரே பக்கேஜ், ஒரே பில். முறைப்பாட்டோட போகிற எங்களுக்கு எது எந்தக் கதவு என்று தெரியாது. சேர்த்து விற்க அனுமதிச்ச அரசு, சேர்த்துக் கேள்வி கேட்கிற ஒரு இடத்தை எங்களுக்குத் தரவில்லை.

2022 செப்ரெம்பரை நினைச்சுப் பாருங்கோ. போன், இணையக் கட்டணங்கள் 20 வீதத்தாலும் கட்டண ரிவி 25 வீதத்தாலும் ஏறின மாதம் அது. பெற்றோலுக்கும் கியூ நிண்ட வருசம், கொம்பனிக்கும் செலவு ஏறினது உண்மைதான், அதை மறுக்கேல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கிற விலையை ஒரு பக்கம் மாற்றினால், மற்றப் பக்கத்துக்கு "அப்பிடியெண்டால் எனக்கு வேண்டாம்" என்று நோட்டீஸ் இல்லாமல் எழும்பிப் போக உரிமை இருக்க வேணும். ஒருவர் மட்டும் மாற்றலாம், மற்றவர் ஒரு மாதம் காத்திருக்க வேணும் என்றால் அதை ஒப்பந்தம் என்று சொல்லுறதே பிழை.

இது நடைமுறைக்கு ஒத்துவராத ஆசை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பாடல் சட்டக்கோவையில், ஒப்பந்தம் தானாக நீடிக்கப்பட்ட பிறகு எப்பவும் விலகலாம், நோட்டீஸ் கூடினது ஒரு மாதம் என்று எல்லை போட்டிருக்கு. நிறுவனம் நிபந்தனையை மாற்றினால், அது முழுக்க வாடிக்கையாளருக்கு நன்மையானதோ சட்டம் கட்டாயப்படுத்தினதோ இல்லையெண்டால், செலவில்லாமல் விலகலாம். இணையத்தோடு சேர்த்து விற்கிற பக்கேஜின் ஒரு பகுதி சொன்ன மாதிரி வேலை செய்யாமல் அதிலிருந்து விலகும் உரிமை வந்தால், முழுப் பக்கேஜிலிருந்தும் விலகலாம். ஜேர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் மாதாந்த ஒப்பந்தம் விற்கிற நிறுவனங்கள் தங்கட தளத்தில் விலகுகிறதற்கும் ஒரு பட்டன் வைக்க வேணும் என்பது சட்டம். பிரிட்டனில் 2024 செப்ரெம்பர் 12 முதல், இணையம் மாற்ற விரும்புகிறவர் புது நிறுவனத்தோடு மட்டும் கதைச்சால் போதும், மாறின நாளுக்குப் பிறகான நோட்டீஸுக்குப் பழைய நிறுவனம் காசு கேட்க முடியாது. அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. ரிவியை மட்டும் கழட்டுகிறவரை அந்த விதி காப்பாற்றாது. லண்டனில் இருக்கிற எங்கட சித்தப்பாமாரிடம் கேட்டால் அவர்களும் ஒரு நோட்டீஸ் கதை சொல்லுவார்கள். பகுதியாகக் கழட்டுறது எல்லா ஊரிலும் சட்டத்தின் சந்துக்குள்தான் விழுகுது. அதனால்தான் அதைப் பற்றித் தனியாகக் கதைக்க வேணும் என்கிறோம்.

எங்கட கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: எந்த வழியால் சேர்க்கலாமோ அதே வழியால் கழட்டவும் முடிய வேணும். அப்பில் சேர்த்தால் அப்பில் கழட்டலாம். போனில் சேர்த்தால் போனில் கழட்டலாம்.

இரண்டு: குறைந்தபட்சக் காலம் முடிந்த ரிவிப் பகுதிக்கு நோட்டீஸ் வேண்டாம். சொன்ன நாளோட நிற்க வேணும், பில் நாள்கணக்கில் வர வேணும்.

மூன்று: உறுதிப்படுத்த முதல், கழட்டின பிறகு மாதம் எவ்வளவு வரும் என்ற எண்ணை எழுத்தில் தர வேணும். கழிவு போகுது எண்டால் அதை அப்பவே சொல்ல வேணும்.

நாலு: ஒரு பகுதியைக் கழட்டினதைச் சாட்டி மற்றப் பகுதிக்குப் புது ஒப்பந்தக் காலம் தொடங்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கிறவரின் மின்னஞ்சல் சம்மதத்தையும், இறந்தவரின் மரணச் சான்றிதழையும் ஏற்க வேணும்.

ஐந்து: நிபந்தனைகள் தமிழிலும் சிங்களத்திலும் வர வேணும், முறைப்பாட்டுக்கு ஒரே கதவு இருக்க வேணும்.

சட்டம் மாறும் வரைக்கும் சும்மா இருக்க வேணும் என்று இல்லை. கழட்டப் போறீர்கள் எண்டால் வாயால் மட்டும் சொல்லாதேங்கோ. திகதி போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கோ. கடிதம் கொடுத்தால் பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கோ. போனில் கதைச்சால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கோ. பொக்ஸைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது இல்லாமல் வெளியே வராதேங்கோ, பிறகு "பொக்ஸ் வரேல்லை" எண்டு அதற்கும் பில் வரும். நோட்டீஸ் எந்த நாளில் இருந்து எந்த நாள் வரைக்கும் என்று எழுத்தில் கேளுங்கோ. "அடுத்த பில்லில் பாருங்கோ" என்றால் விடாதேங்கோ. பதில் வராவிட்டால் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900க்கும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கும் எடுங்கோ. தமிழில் கதையுங்கோ, தமிழில் பதில் கேளுங்கோ. ஒரு முறைப்பாட்டைத் தூக்கி மேசைக்குக் கீழ போடலாம். ஒரே மாதிரி நூறு முறைப்பாடு ஒரே கிழமையில் போனால் மேசைக்குக் கீழ இடம் காணாது.

எங்கட அம்மா அப்பாக்கள் இதை "விதி" என்று விட்டிட்டுக் கட்டிப் பழகிட்டார்கள். கரண்ட் பில், தண்ணிப் பில், ரிவி பில் எல்லாம் மழை வெயில் மாதிரி மேலே இருந்து வருகுது என்ற நினைப்பு. மழையை யாரும் எழுதவில்லை. இந்த நிபந்தனையை ஒரு ஆள், ஒரு ஏசி அறைக்குள் இருந்து எழுதினவர். எழுதினதைத் திருப்பி எழுதலாம். இந்த மாதம் பில் வந்ததும் தூக்கிக் குப்பையில் போட முதல், அதைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒருக்கா வாசியுங்கோ. விளங்காத வரியில் கோடு போட்டு, அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி அனுப்புங்கோ.